மூச்சு முந்தும், எலும்பு பிந்தும்

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் இரவுக் காவலாளிக்கு வயது 22. ஜார்க்கண்டில் ஒரு கிராமத்திலிருந்து டெல்லிக்கு வந்தவர். மாலை ஏழு மணிக்கு வாசலில் வந்து உட்கார்ந்தால் மறுநாள் காலை ஏழு மணிக்குத்தான் அறைக்குத் திரும்புவார். ஒரு நாள் காலை மயூர் விஹார் பூங்காவில் நடந்துகொண்டிருந்தபோது என்னைத் தாண்டிக்கொண்டு ஒருவர் தலைதெறிக்க ஓடினார். பார்த்தால் நம் காவலாளி. கான்வாஸ் ஷூ, பனியன். அரைச் சுற்றுக்குள் நின்று, முழங்காலில் கைகளை ஊன்றிக்கொண்டு இரைத்தார்.

"மத்தியப் படையில் கான்ஸ்டபிள் வேலை மேடம். எழுத்துத் தேர்வில் தேறிவிட்டேன். இன்னும் ஐந்து வாரத்தில் ஓட்டம். 5 கி.மீ. தூரத்தை 24 நிமிடத்தில் முடிக்க வேண்டும்."

"எப்போதிலிருந்து ஓடுகிறீர்கள், தம்பி?"

"முந்தாநாளிலிருந்து."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காரணம், 2024 ஆகஸ்டில் அவருடைய மாநிலத்திலிருந்து வந்த செய்திகளைத் தமிழில் எழுதியவள் நான். கலால் துறைக் கான்ஸ்டபிள் வேலைக்கு உடல் தகுதித் தேர்வு. ஆண்கள் 60 நிமிடத்தில் 10 கி.மீ. ஓட வேண்டும். முதலில் ஒருவர் சுருண்டு விழுந்தார் என்று செய்தி. பிறகு இருவர், மூவர். அடுத்தடுத்த நாட்களில் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனதில் ஒரே தலைப்பைப் பலமுறை திருத்த வேண்டியிருந்தது. கடைசியில் பத்துக்கும் மேற்பட்ட இளைஞர்கள் இறந்துபோயிருந்தார்கள். செப்டம்பர் தொடக்கத்தில் தேர்வைச் சில நாட்கள் நிறுத்திவைத்தார்கள். பின்னர் விதிகளை மாற்றி, ஓட வேண்டிய தூரத்தைக் குறைத்தார்கள்.

வெயில், இரவெல்லாம் கண்விழித்து வரிசையில் நின்ற அலுப்பு, ஊக்க மருந்து என்று பல காரணங்கள் அப்போது பேசப்பட்டன. ஒவ்வொரு மரணத்துக்கும் ஒவ்வொரு காரணம் இருந்திருக்கலாம். ஆனால் அந்தக் கூட்டத்தில் மாதக்கணக்கில் ஓடிப் பழகியவர்கள் எத்தனை பேர், தேதி தெரிந்த பிறகு ஓடத் தொடங்கியவர்கள் எத்தனை பேர் என்று யாரும் கணக்கெடுக்கவில்லை. என் கண் முன்னால் இரைத்துக்கொண்டு நின்றவர் இரண்டாவது ரகம்.

ஓட்டத்தில் தாக்குப்பிடிக்கும் திறனை யாரும் பிறக்கும்போது கொண்டுவருவதில்லை, வளர்த்துக்கொள்கிறார்கள். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. நாம் உடம்பு என்று ஒருமையில் சொல்கிறோம். அது ஒரு கூட்டுக் குடும்பம். உறுப்பினர்கள் எல்லோரும் ஒரே வேகத்தில் வளர்வதில்லை.

முதலில் விழித்துக்கொள்வது ரத்தம். ஓடத் தொடங்கிய ஓரிரு வாரங்களிலேயே ரத்தத்தில் உள்ள திரவத்தின் அளவு கூடிவிடுகிறது. இதயம் ஒரே துடிப்பில் அதிக ரத்தத்தை அனுப்புகிறது, நாடித் துடிப்பு இறங்குகிறது. அடுத்தது தசை. 1967இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ஜான் ஹோலோசி என்ற ஆராய்ச்சியாளர் எலிகளைச் சில மாதங்கள் ஓடவிட்டுப் பார்த்தார். பிராணவாயுவைக் கொண்டு சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் திறன் எலிகளின் கால் தசையில் ஏறத்தாழ இரு மடங்காகியிருந்தது. மனிதத் தசையும் இப்படித்தான் மாறுகிறது, ஆனால் வாரங்கள் பிடிக்கும்.

கடைசியில் வருபவை எலும்பும் தசைநாரும். குதிகாலுக்கு மேலே கயிறுபோல இருக்கிறதே, அந்தத் தசைநாரை 2013இல் டென்மார்க் ஆய்வாளர்கள் சோதித்தார்கள். அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கலந்த கார்பனின் தடயத்தை வைத்து அதன் வயதைக் கணக்கிட்டார்கள். அதன் உட்பகுதி பதினேழு வயதுவாக்கில் உருவானதோடு சரி, பிறகு ஏறக்குறைய மாறுவதே இல்லை என்று தெரிந்தது. எலும்பு மாறும், ஆனால் வீட்டைப் பழுதுபார்ப்பதுபோல. முதல் மூன்று வாரம் பழைய சுவரை இடிக்கும் வேலை. அதன்பிறகு மூன்று மாதம் புதிதாகக் கட்டும் வேலை. இடித்த சுவர் எழும்பாத நாட்களில் அந்த இடம் முன்பைவிடப் பலவீனமாகத்தான் இருக்கும். ஆபத்து என்னவென்றால், மூச்சு சீராகி, 'நமக்கு நன்றாக வருகிறதே' என்று உற்சாகம் பிறப்பதும் அதே நாட்களில்தான்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, காலைக் கொடுத்துத் தெரிந்துகொண்டேன். 44 வயதில் ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை எல்லைக்கோட்டில் நின்றது. நாற்காலியிலேயே இருபது வருடம் உட்கார்ந்து மொழிபெயர்த்ததன் சம்பளம். பயந்துபோய் ஓட ஆரம்பித்தேன். மூன்றாவது வாரமே மாடிப்படியில் இரைப்பு நின்றது. ஆறாவது வாரம் 5 கி.மீ. ஓடினேன். ஏழாவது வாரம் ஆபீஸ் தோழிகள் கூப்பிட்டார்கள் என்று 10 கி.மீ. பொது ஓட்டத்தில் கலந்துகொண்டேன். பதக்கம் கொடுத்தார்கள். மறுநாள் காலை முன்னங்கால் எலும்பில், விரல் வைத்துக் காட்டும்படியாக ஒரே ஒரு புள்ளியில் வலி. 'சுளுக்கு' என்று தைலம் தேய்த்துக்கொண்டு இன்னும் பத்து நாள் ஓடினேன். ஸ்கேனில் மயிரிழைப் பிளவு தெரிந்தது. பத்து வாரம் ஓட்டம் கிடையாது.

"மூச்சு நன்றாகத்தானே இருந்தது, டாக்டர்?" என்றேன்.

"மூச்சு எலும்பைக் கேட்டுக்கொண்டா ஓடுகிறது?" என்றார் அந்த எலும்பு நிபுணர்.

இந்தக் கோளாறு புதிதல்ல. 1855இல் பிரைட்ஹாப்ட் என்ற பிரஷ்ய ராணுவ மருத்துவர், நீண்ட அணிவகுப்புக்குப் பிறகு சிப்பாய்களின் பாதம் வீங்கி வலிப்பதைக் குறித்துவைத்தார். எலும்பு உடைந்திருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. எக்ஸ்ரே வந்த பிறகுதான் அது விளங்கியது. காரணம் அன்றும் இன்றும் ஒன்றுதான். நேற்றுவரை வயலிலும் கடையிலும் இருந்தவரைத் திடீரென்று மைல்கணக்கில் நடக்கவைத்தார்கள்.

அப்படியானால் எவ்வளவு கூட்டலாம்? வாரத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் கூட்டாதே என்று ஓட்டக்காரர்கள் வேதவாக்குபோலச் சொல்வதுண்டு. அது அவ்வளவு கறாரான விதியல்ல. நெதர்லாந்தில் 532 புதிய ஓட்டக்காரர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு 13 வாரத்தில் படிப்படியாகவும் இன்னொரு பிரிவுக்கு 8 வாரத்திலும் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். 2008இல் முடிவு வந்தது. இரண்டு பிரிவிலும் ஐந்தில் ஒருவருக்குக் காயம், வித்தியாசமே இல்லை. ஆனால் சுமார் 5,200 ஓட்டக்காரர்களைப் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு 2025இல் வெளியானது. வாரக் கணக்கு பெரிதாக எதையும் சொல்லவில்லை, ஒற்றை நாள் கணக்குதான் சொல்கிறது என்றது அது. கடந்த 30 நாளில் நீங்கள் ஓடிய மிக நீண்ட தூரம் எதுவோ, அதைவிட 10 சதவீதத்துக்கு மேல் ஒரே நாளில் ஓடினால் காயம்படும் வாய்ப்பு கூடுகிறது. 5 கி.மீ. ஓடியவள் அடுத்த வாரம் 10 கி.மீ. ஓடினேனே, அது 100 சதவீதம்!

தூரத்துக்கு அடுத்தது வேகம். இதில் நியூசிலாந்தின் ஆர்தர் லிடியர்டை விஞ்ச ஆளில்லை. செருப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். 1960 ரோம் ஒலிம்பிக்கில் அவருடைய சீடர்கள் பீட்டர் ஸ்னெல் 800 மீட்டரிலும் முரே ஹால்பர்க் 5,000 மீட்டரிலும் ஒரே நாளில் தங்கம் வென்றார்கள். இரண்டு நிமிடம்கூட நீடிக்காத 800 மீட்டர் ஓட்டத்துக்காக ஸ்னெல்லை வாரத்துக்கு 160 கி.மீ. வரை ஓடவைத்தவர் லிடியர்ட். முதலில் மாதக்கணக்கில் தாங்கும் வேகத்தில் தூரம், அதற்குப் பிறகே பாய்ச்சல். அதே முறையை மெதுவாக்கி, ஆக்லாந்தில் நடுத்தர வயதுக்காரர்களையும் இதய நோயாளிகளையும் ஓடவைத்தார். 1962இல் அங்கே போன அமெரிக்கப் பயிற்சியாளர் பில் பவர்மன், எழுபது வயதைக் கடந்த ஒருவரோடு ஓட முடியாமல் திணறினார். பின்னாளில் நைக்கி நிறுவனத்தைத் தொடங்கிய இருவரில் ஒருவர் இவர். ஊர் திரும்பியதும் மெல்லோட்டத்தைப் பற்றிப் புத்தகம் எழுதினார்.

எது மெதுவான வேகம்? கைக்கடிகாரமெல்லாம் தேவையில்லை. ஓடிக்கொண்டே பக்கத்தில் வருபவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிந்தால் அது சரியான வேகம். இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் வேகம் அதிகம். பாட்டே பாட முடிந்தால் இன்னும் கொஞ்சம் எட்டிப் போடலாம். ஐந்து நாள் ஓடினால் நான்கு நாளாவது பேசும் வேகத்தில் ஓட வேண்டும்.

நாற்பதைத் தாண்டி, புத்தாண்டுச் சபதத்தோடு ஷூ வாங்கியிருக்கும் வாசகர்களுக்கு நான் சொல்வது இதுதான். முதல் மாதம் வெறும் நடை, அரை மணி நேரம், வாரம் ஐந்து நாள். உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்ன வாரம் 150 நிமிடக் கணக்கு இதிலேயே நிறைந்துவிடும். பலருக்கு இதுவே போதும். மேலே போக ஆசை இருந்தால் இரண்டாவது மாதம் ஒரு நிமிட ஓட்டம், இரண்டு நிமிட நடை, வாரம் மூன்று நாள். ஓட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டி, நடையைச் சுருக்கிக்கொண்டே வந்தால் நான்காவது மாதத்தில் அரை மணி நேரம் நிற்காமல் ஓடலாம். நான்கு வாரத்துக்கு ஒரு வாரம் தூரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். பழுதுபார்க்கும் கொத்தனாருக்கும் அவகாசம் வேண்டாமா? வாரம் இரண்டு முறை சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குங்கள், நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருங்கள். பொதுவாகத் தசை வலித்தால் இரண்டு நாளில் போய்விடும். எலும்பில் ஒரே புள்ளியில் வலி, காலையில் எழுந்ததும் கூடுகிற வலி, நொண்டவைக்கிற வலி, இந்த மூன்றுக்கும் ஒரே மருந்து நிறுத்துவதுதான். வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடுவது எலும்பின் கூக்குரலை அடக்குவதாகும். நீர்ச்சத்து குறைந்திருக்கும்போது அந்த மாத்திரைகள் சிறுநீரகத்தையும் கெடுக்கும். அளவு மீறிய பயிற்சிக்குப் பிறகு சிறுநீர் கறுப்புக் காப்பி நிறத்தில் போனால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், தசை சிதைந்திருக்கலாம்.

ஓடும்போது நெஞ்சில் இறுக்கம், மயக்கம், தாறுமாறான படபடப்பு, குடும்பத்தில் சின்ன வயதில் திடீர் மரணம், சர்க்கரை, ரத்த அழுத்தம் இவற்றில் ஏதாவது இருந்தால் டாக்டரைப் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள். பெண்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி 15 முதல் 49 வயதுள்ள இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. நான்கு சுற்றில் மூச்சு வாங்கினால் 'எனக்கு இதெல்லாம் வராது' என்று வீட்டுக்குப் போய்விடாதீர்கள். ஹீமோகுளோபினைப் பாருங்கள். பயிற்சியால் சரியாகாத களைப்பு இரும்புச்சத்தால் சரியாகலாம்.

வெயிலுக்கும் பழக வேண்டும். உடம்பு அதற்கு ஒன்று முதல் இரண்டு வாரம் கேட்கிறது. வியர்வை சீக்கிரமே சுரக்கத் தொடங்கும், அதில் உப்பு குறையும், நாடி நிதானப்படும். அதுவரை தூரத்தையும் வேகத்தையும் குறைத்தே ஓட வேண்டும். வெயிலில் ஓடுகிறவர் தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ, சம்பந்தமில்லாமல் பேசினாலோ ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, காத்திருக்காமல் உடம்பு முழுவதும் குளிர்ந்த நீரை ஊற்றி விசிற வேண்டும். அந்த நிமிடங்களில்தான் உயிர் இருக்கிறது.

இதையெல்லாம் அரசாங்கம் அறியாததல்ல. அறிந்ததில் உலகத்துக்கே முன்னோடி நம் ராணுவம். 1962 போரின்போது சமவெளியிலிருந்து சிப்பாய்களை அவசரமாக இமயமலை உச்சிகளுக்கு ஏற்றினார்கள். குளிரும் எதிரியும் போதாதென்று மெலிந்த காற்றும் அவர்களை வாட்டியது. அதைத் தொடர்ந்து ராணுவ மருத்துவர் இந்தர் சிங்கும் சகாக்களும் 1,925 வீரர்களை ஆராய்ந்து 1969இல் எழுதிய கட்டுரை, உயர்மலை நோய் பற்றிய உலகின் முக்கிய ஆவணங்களில் ஒன்று. இன்று உயரமான முனைக்குப் போகும் வீரர் 9,000 அடிக்கு மேல் முதல் கட்டத்தில் ஆறு நாள், 12,000 அடிக்கு மேல் நான்கு நாள், 15,000 அடிக்கு மேல் இன்னும் நான்கு நாள், ஆக 14 நாள் உடம்பைப் பழக்கியாக வேண்டும். முதல் இரண்டு நாள் ஓய்வு. நீண்ட விடுமுறையில் ஊருக்குப் போய்த் திரும்பினால் மறுபடியும் பழக வேண்டும். எத்தனை அனுபவசாலியானாலும் விலக்கு கிடையாது.

சீருடை போட்டவருக்கு இத்தனை பக்குவம் பார்க்கிற நாட்டில், சீருடைக்காக ஓடுகிறவருக்கு எதுவுமில்லை. தேதி கடைசி நேரத்தில் வருகிறது. தேர்வு ஆகஸ்ட் புழுக்கத்தில் நடக்கிறது. ஓட்டத் தேதியை நான்கு மாதம் முன்பே அறிவிப்பதும், குளிர்ந்த மாதங்களில் விடியற்காலையில் நடத்துவதும், மைதானத்தில் பனிக்கட்டியும் நீர்த்தொட்டியும் வைப்பதும் பெரிய செலவில்லை. அறிவிப்போடு நான்கு மாதப் பயிற்சி அட்டவணை ஒன்றை அச்சிட்டுக் கொடுத்தால் இன்னும் நல்லது. மொழிபெயர்க்க ஆள் வேண்டுமானால் நான் இலவசமாகவே செய்து தருகிறேன்.

மொழிபெயர்ப்பு என்றதும் ஒன்று. இந்தத் தாக்குப்பிடிக்கும் திறனுக்கு எங்கள் மேஜையில் 'தாங்குதிறன்' என்றும் 'நீடுதிறன்' என்றும் பல சொற்கள் புழங்குகின்றன. நான் எம்.ஏ. தமிழ் படித்த காலத்துப் பழக்கத்தில் 'பொறு' என்ற சொல்லைப் புரட்டிப் பார்த்தேன். சுமையைத் தாங்கு என்றும் அதற்குப் பொருள், காத்திரு என்றும் பொருள். 'பொறை' என்றால் பாரம், பொறுமையும்கூட. தாங்குவதும் காத்திருப்பதும் ஒரே வேலை என்று அந்தச் சொல்லை வழங்கியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

காவலாளி விஷயத்துக்கு வருகிறேன். ஐந்து வாரத்தில் நான்கு மாத வேலையைச் செய்ய முடியாது என்று அவரிடம் ஒளிக்காமல் சொன்னேன். தினமும் தலைதெறிக்க ஓடுவதை நிறுத்தி, ஒரு நாள் விட்டு ஒரு நாள், ஓட்டமும் நடையுமாக ஆரம்பித்தார். தூக்கம்தான் பெரிய பாடாக இருந்தது. இரவெல்லாம் கண்விழிப்பவரின் உடம்பு எப்போது தன்னைப் பழுதுபார்த்துக்கொள்ளும்? குடியிருப்பு சங்கத்தில் அவருக்குப் பகல் ஷிஃப்ட் கேட்டேன். "ஒருவருக்குக் கொடுத்தால் எல்லோரும் கேட்பார்களே" என்றார்கள். மூன்று கூட்டம் பேசி, கடைசிப் பத்து நாளுக்குக் கிடைத்தது.

5 கி.மீ. தூரத்தை 25 நிமிடம் 10 விநாடியில் ஓடினார். எழுபது விநாடியில் வேலை போயிற்று. ஊர்க்காரர் ஒருவர் ஊசி போட்டுக்கொள்ளச் சொன்னதாகவும் தான் மறுத்துவிட்டதாகவும் பிறகு சொன்னார். "அழுதீர்களா?" என்று கேட்டேன். "கொஞ்சம்" என்றார். திரும்பி வந்து, மறுபடியும் ஏழு மணிக்கு நாற்காலியில் உட்கார்ந்தார்.

ஆனால் ஓட்டத்தை விடவில்லை. அடுத்த அறிவிப்பு எப்போது என்று தெரியாது, வரும்போது தயாராக இருப்பேன் என்கிறார். ஓட்டம் தொடங்கி இது ஏழாவது மாதம். போன வாரம் பால் பாக்கெட்டோடு மாடியேறப் போனவளை நிறுத்தினார்.

"மேடம், நேற்று 8 கி.மீ. பேசிக்கொண்டே ஓடினேன்."

"யாரோடு?"

"அம்மாவோடு. போனில்."